கிட்டார் ஆம்ப்பில் இரைச்சலா? எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய ஒரு முழு வழிகாட்டி

எலக்ட்ரிக் கிட்டாரை ஆம்ப்பில், அதாவது ஆம்ப்ளிஃபையரில், செருகி ஆன் செய்கிறீர்கள், இன்னும் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை, அதற்குள் பின்னால் ஒரு ரீங்காரம் கிளம்பிவிடுகிறது. இந்த நேரத்தில் பலரும் ஆம்ப் மட்டம் என்று முடிவு கட்டி விற்கப் பார்க்கிறார்கள், இல்லையென்றால் யாரோ சொன்னார்கள் என்று ஒரு நாய்ஸ் கேட் பெடலை (வாசிக்காதபோது சத்தத்தை அடைக்கும், காலால் இயக்கும் சின்னப் பெட்டி) வாங்கி வந்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். நான் பார்த்த வரையில், சென்னை வீடுகளில் கோளாறு ஆம்ப்புக்கு உள்ளே இருப்பதைவிட வெளியே இருப்பதுதான் அதிகம். சுவரில் இருக்கும் சாக்கெட், தலைக்கு மேல் சுற்றும் ஃபேனின் ரெகுலேட்டர், உப்புக்காற்றில் பச்சை பிடித்த ஜாக், லேப்டாப் சார்ஜர் என்று காரணம் எங்கெங்கோ இருக்கும், பழி மட்டும் ஆம்ப் மேல் விழும். அதனால் எதையும் வாங்குவதற்கு முன்னால், எதையும் திறப்பதற்கு முன்னால், சத்தம் எந்த இடத்தில் உள்ளே நுழைகிறது என்று கண்டுபிடியுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள், கேளுங்கள், குறித்துக்கொள்ளுங்கள், அப்புறம் அடுத்தது.

கையில் வேண்டியது அதிகமில்லை. நன்றாக வேலை செய்யும் என்று தெரிந்த இன்னொரு கிட்டார் கேபிள் (நண்பரிடம் இரவல் வாங்கினாலும் போதும்), ஒரு சாதாரண மல்டிமீட்டர், ஒரு டப்பா கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே. கடைசி இரண்டும் சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும்.

தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். இரைச்சலைக் குறைக்க ஆம்ப்பின் மூன்று பின் பிளக்கில் இருக்கும் அந்தப் பெரிய எர்த் பின்னைக் கழற்றிவிடு, அல்லது இரண்டு பின் கன்வெர்ட்டர் போட்டு மாட்டு என்று யோசனை சொல்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சத்தம் குறையவும் கூடும். ஆனால் ஆம்ப்புக்குள் ஒரு ஒயர் விட்டுப்போய் இரும்புச் சட்டத்தில் பட்டால், அந்த 230 வோல்ட் போக வேறு வழியில்லாமல் கேபிள் வழியாக உங்கள் கிட்டார் கம்பிக்கு வரும், கம்பியில் இருப்பது உங்கள் கை. எர்த்தை வெட்டி யாரும் இரைச்சலைச் சரிசெய்ய வேண்டாம், தற்காலிகமாகக்கூட வேண்டாம்.

முதல் படி: என்ன மாதிரிச் சத்தம்?

இரைச்சல் என்று பொதுவாகச் சொல்லிவிட்டால் எதுவும் பிடிபடாது. காதால் பிரித்துக்கொள்ள வேண்டும்.

அடித்தொண்டையில் "ம்ம்ம்" என்று ஒரே சீராக வருவதை ஹம் என்பார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் இந்த ஹம் 50 ஹெர்ட்ஸிலோ அதன் இரட்டிப்பான 100 ஹெர்ட்ஸிலோ இருக்கும். (இணையத்தில் 60, 120 என்று படித்திருப்பீர்கள், அது அமெரிக்க மின்சாரக் கணக்கு.) எது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கிட்டாரே போதும். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட்டை அழுத்தி அடியுங்கள். அந்த ஜி ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஆம்ப்பில் வரும் ஹம் கிட்டத்தட்ட அதே ஸ்வரத்தில், ஒரு நூல் மேலே நின்றால் 100 ஹெர்ட்ஸ். அதைவிட ஒரு ஆக்டேவ் கீழே முனகினால் 50 ஹெர்ட்ஸ். 100 என்றால் ஆம்ப்புக்குள் மின்சாரத்தை டிசி ஆக்கும் பகுதியில், அதாவது ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் சந்தேகம் வரும். 50 என்றால் எர்த், கேபிள், பிக்கப் (கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் காந்தச் சுருள்), பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர், இந்த வகை. எட்டு இன்ச்சுக்குக் குறைவான ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸை ஒழுங்காக வெளியே விடாது, அதனால் சின்ன பிராக்டிஸ் ஆம்ப்பில் இந்தச் சோதனையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

வண்டு சுவரில் மோதுவது போல "ஜ்ஜ்ஜ்" என்று கூர்மையாக வந்தால் அது வேறு. பெரும்பாலும் ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி விளக்கு, மொபைல் சார்ஜர், இன்வெர்ட்டர் போன்றவை மின்சாரத்தை வெட்டி வெட்டி எடுப்பதால் உண்டாவது. "ஸ்ஸ்ஸ்" என்ற உஸ் சத்தம் கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, ஏற்றினால் எந்த ஆம்ப்பிலும் ஓரளவு வரும். குமிழைத் திருப்பும்போது மட்டும் வரும் கரகரப்பு அழுக்குப் பிடித்த பொட்டென்ஷியோமீட்டர், அதில் கொஞ்சம் ஸ்ப்ரே அடித்துப் பத்துப் பதினைந்து முறை முழுசாகத் திருப்பினால் பெரும்பாலும் போய்விடும். "டிக் டிக் டிடிக்" என்று திடீரென்று வந்து மறைந்தால் ஆம்ப் மேல் வைத்திருக்கும் போனை எடுத்து அந்தப் பக்கம் வையுங்கள்.

இன்னொரு வகை இருக்கிறது, இதை அடிக்கடி மின்சாரக் கோளாறு என்று தப்பாக நினைக்கிறார்கள்: வாசிக்கும்போது மட்டும், அதுவும் சில ஸ்வரங்களுக்கு மட்டும் அதிர்வது. அது ஆம்ப் பெட்டியின் தளர்ந்த ஸ்க்ரூவாக இருக்கலாம், கிழிந்த ஸ்பீக்கர் கோனாக இருக்கலாம், ஜன்னல் கண்ணாடியாகக்கூட இருக்கலாம். மற்றவர் வாசிக்க, நீங்கள் கையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இரண்டாம் படி: நான்கு நிலைச் சோதனை

இதை ஒழுங்காகச் செய்தால் பாதி வேலை முடிந்தது. பெடல் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிளீன் சேனலில் (ஒலியைச் சிதைக்காத சேனல்), நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் ஆம்ப்பை வையுங்கள்.

ஒன்று, ஆம்ப்பின் இன்புட்டில் எதுவுமே செருகாமல் கேளுங்கள். பெரும்பாலான ஆம்ப்களில் இன்புட் காலியாக இருக்கும்போது ஜாக் தானாகவே எர்த்தோடு சேர்ந்துகொள்ளும், அதனால் வெளியிலிருந்து எதுவும் அந்த வழியாக நுழைய முடியாது. இப்போதும் அதே அளவு சத்தம் வந்தால் ஆம்ப் அல்லது அதற்கு வரும் மின்சாரம். அமைதியாகிவிட்டால் ஆம்ப் பெரும்பாலும் நல்ல நிலையில்தான் இருக்கிறது, கேபிள் பக்கம் போகலாம். சத்தம் இருந்தால் வால்யூமைப் பூஜ்யத்துக்கு இறக்குங்கள். கூடவே இறங்கினால் கோளாறு முன்பகுதியில், அதாவது ப்ரீஆம்ப்பில். அசையாமல் நின்றால் பவர் பகுதியில் அல்லது பவர் சப்ளையில்.

இரண்டு, கேபிளைக் கிட்டாரிலும் ஆம்ப்பிலும் செருகி, கிட்டாரின் வால்யூமை முழுசாகக் குறையுங்கள். கிட்டார் வால்யூம் பூஜ்யத்தில் இருந்தால் சிக்னல் ஒயரும் எர்த்தும் ஒன்றாகிவிடும், பிக்கப் கணக்கில் வராது. இந்த நிலையில் சத்தம் வந்தால் கேபிள் அல்லது கிட்டாரின் அவுட்புட் ஜாக். கேபிளின் ஒரு முனையை மட்டும் ஆம்ப்பில் மாட்டி, மறுமுனையைக் கையில் தொட்டுப் பார்த்து "ஐயோ கத்துது" என்று பயப்பட வேண்டாம், அது எல்லா நல்ல கேபிளும் செய்வதுதான்.

மூன்று, கிட்டார் வால்யூமை முழுசாக ஏற்றுங்கள். இப்போதுதான் சத்தம் கிளம்புகிறது என்றால் பிக்கப் எதையோ பிடிக்கிறது, அல்லது கிட்டாருக்குள் எர்த் ஒயர் விட்டிருக்கிறது.

நான்கு, பெடல்களை ஒவ்வொன்றாகச் சேருங்கள். எதைச் சேர்த்ததும் வருகிறதோ அங்கே நில்லுங்கள்.

மூன்றாம் படி: வீட்டு மின்சாரம்

இங்கேதான் நம் ஊரில் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், கிட்டார் கற்றுக்கொடுக்கும் இடங்களில் இதை யாரும் சொல்லித் தருவதும் இல்லை.

முதலில் ஃபேனை அணைத்துவிட்டுக் கேளுங்கள். மே மாதத்தில் இது கஷ்டம்தான், ஒரு நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். ஸ்விட்ச் போர்டில் வழவழவென்று சுற்றும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், மின்சார அலையின் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை ஃபேனுக்கு அனுப்புகிறது. அந்த வெட்டு ஒவ்வொன்றும் ஒரு கூர்மையான அதிர்ச்சி, நொடிக்கு நூறு முறை. பிக்கப் அதை அப்படியே பிடித்துக்கொள்ளும். நடு வேகத்தில் அதிகமாகவும் முழு வேகத்தில் குறைவாகவும் சத்தம் வந்தால் சந்தேகமே வேண்டாம். டக் டக் என்று படிப்படியாக மாறும், கெப்பாசிட்டர் வைத்த ரெகுலேட்டரை மாற்றிப் போட்டால் பிரச்சினை பெரும்பாலும் அங்கேயே முடியும். எலக்ட்ரீஷியனுக்கு அரை மணி வேலைகூட இல்லை. வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் ஸ்விட்சும் இதே ரகம்தான்.

அப்புறம் விளக்குகள். மலிவான எல்இடி பல்ப், டியூப் லைட், அலங்கார எல்இடி பட்டை, ஒவ்வொன்றாக அணையுங்கள். அப்புறம் சார்ஜர்கள், ரவுட்டர், கம்ப்யூட்டர் மானிட்டர். பேட்டரியில் ஓடும் சின்ன ஆம்ப் இருந்தால் இன்னும் வசதி, அதை வைத்துக்கொண்டு வீட்டின் எம்சிபி ஸ்விட்சுகளை ஒவ்வொன்றாக இறக்கினால் எந்த அறையின் லைனிலிருந்து வருகிறது என்றே தெரிந்துவிடும். தாத்தா காலத்து ஏஎம் டிரான்சிஸ்டர் ரேடியோ வீட்டில் இருந்தால் அதுவும் உதவும். நிலையம் இல்லாத இடத்தில் டியூன் செய்து ஸ்விட்ச் போர்டு, விளக்கு, சார்ஜர் பக்கத்தில் கொண்டுபோனால், குற்றவாளி அருகே போனதும் ரேடியோ கொர்ரென்று கத்தும்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கரண்ட் போனதும்தான் ஆம்ப் கத்துகிறது என்றால் உங்கள் இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் (சதுர அலை மின்சாரம் தரும்) வகையாக இருக்கும். ஃபேன்கூட அப்போது முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். அந்த நேரத்தில் ஆம்ப்பை இயக்காமல் இருப்பது அதன் டிரான்ஸ்ஃபார்மருக்கு நல்லது. பியூர் சைன் வேவ் இன்வெர்ட்டரில் இந்தத் தொல்லை பெரிதாக இருக்காது.

இப்போது எர்த். திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயபுரம் பக்கம் பழைய வீடுகளில் சாக்கெட்டில் மூன்று ஓட்டை இருக்கும், ஆனால் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒயரே இருக்காது. புது ஃப்ளாட்டிலும் இணைப்பு தளர்ந்திருக்கலாம். எர்த் இல்லாத ஆம்ப்பின் உலோகச் சட்டம் அந்தரத்தில் நிற்கும், பக்கத்தில் ஓடும் எல்லா மின்சாரத்தையும் அது வாங்கிக்கொள்ளும். கம்பியைத் தொட்டால் சுர்ரென்று லேசாக இழுப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

சோதிக்க மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில், 600 அல்லது 750 வோல்ட் அளவில் வையுங்கள். சாக்கெட்டை நேராகப் பார்த்தால் மேலே எர்த், வலது பக்கம் ஃபேஸ், இடது பக்கம் நியூட்ரல் இருக்க வேண்டும். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 ஒட்டி வரும். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையேயும் கிட்டத்தட்ட அதே எண் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்தான் காட்ட வேண்டும். ஃபேஸ்–எர்த் அளவு 60, 110 என்று எங்கோ அலைந்தால் எர்த் இணைப்பே இல்லை என்று அர்த்தம். மீட்டரின் உலோக முனையில் விரல் படக்கூடாது, ஈரக் கையோடு செய்யக்கூடாது, பழக்கமில்லை என்றால் எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள், இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

வீட்டில் ஏசி பாயிண்ட் இருந்தால் ஆம்ப்பை அதில் செருகிக் கேட்டுப் பாருங்கள். பல வீடுகளில் ஏசிக்கென்று தனி லைனும் ஒழுங்கான எர்த் ஒயரும் இழுத்திருப்பார்கள். 6 ஆம்பியர் பிளக்கும் நுழையும் வகை சாக்கெட் அங்கே இருந்தால் வேலை சுலபம். அங்கே சத்தம் அடங்கி, அறை சாக்கெட்டில் கத்தினால் அறை சாக்கெட்டின் எர்த்தைத்தான் சரிசெய்ய வேண்டும்.

எர்த் இல்லை என்றதும் சில எலக்ட்ரீஷியன்கள் "நியூட்ரலை எடுத்து எர்த்தில் ஒரு லூப் அடிச்சிடறேன் சார்" என்பார்கள். சம்மதிக்காதீர்கள். எங்காவது நியூட்ரல் ஒயர் அறுந்தால், ஆம்ப்பின் சட்டமே ஃபேஸ் ஆகிவிடும். பிவிசி குழாய் வந்த பிறகு தண்ணீர்க் குழாயில் கட்டுவதும் பயனில்லாத வேலை. முறையாக மெயின் போர்டிலிருந்து எர்த் ஒயர் இழுக்க வேண்டும். அடுக்குமாடி என்றால் கீழே ஈபி மீட்டர் பெட்டி பக்கத்தில் சின்ன மூடி போட்ட எர்த் குழி இருக்கும். மண் காய்ந்துவிட்டால் எர்த் பலவீனமாகும், அதனால்தான் கோடையில் அதில் தண்ணீர் ஊற்றச் சொல்வது. வாட்ச்மேன் அண்ணனிடமோ சங்கச் செயலாளரிடமோ கேட்டால் கடைசியாக எப்போது யார் ஊற்றினார்கள் என்று தெரிந்துவிடும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீடு என்றால், இந்த வேலையோடு 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி ஒன்றும் போட்டுவிடுங்கள். இரைச்சலுக்காக இல்லை, உயிருக்காக.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த 120 வோல்ட் ஆம்ப்பை ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மரில் மாட்டியிருந்தால் இன்னொரு சோதனையும் செய்யுங்கள். பல மலிவான ஸ்டெப் டவுன் பெட்டிகளில் எர்த் உள்ளே வந்து வெளியே போவதில்லை. சுவரிலிருந்து பிளக்கை எடுத்துவிட்டு, பெட்டியின் பிளக்கில் இருக்கும் எர்த் பின்னுக்கும் அதன் அவுட்புட் சாக்கெட்டின் எர்த் ஓட்டைக்கும் இடையே மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா பாருங்கள். வரவில்லை என்றால் அந்தப் பெட்டியை மாற்றுங்கள். அந்தப் பெட்டியை ஆம்ப்புக்கும் கிட்டாருக்கும் பக்கத்தில் வைக்கவும் கூடாது.

நான்காம் படி: கேபிளும் ஜாக்கும்

கிட்டார் கேபிளில் நடுவே ஒரு மெல்லிய சிக்னல் ஒயர், அதைச் சுற்றி வலை போல ஷீல்டு. ஷீல்டுதான் வெளிச்சத்தத்தைத் தடுக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும் ஸ்பீக்கர் கேபிளில் ஷீல்டு கிடையாது, அதைக் கிட்டாருக்குப் போட்டால் நிச்சயம் ஹம் வரும். பெட்டிக்குள் இருக்கும் பழைய கேபிள்களில் இந்தக் கலப்படம் சாதாரணம், ஜாக்கின் மூடியைத் திருகித் திறந்து பார்த்தாலே தெரியும்.

கடற்கரைப் பக்கம் குடியிருப்பவர்களுக்கு, பெசன்ட் நகர், திருவான்மியூர், சாந்தோம், கொட்டிவாக்கம் எதுவானாலும், உப்புக்காற்று பெரிய எதிரி. ஜாக்கின் மேல் மங்கலான படலம் படியும், சாலிடர் பக்கம் பச்சை பூக்கும். பிளக்கைத் துணியில் ஸ்ப்ரே நனைத்துத் துடையுங்கள், கிட்டாரின் ஜாக்குக்குள்ளும் லேசாக அடித்துப் பத்து முறை செருகி எடுங்கள். துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரேயை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேபிளை முனையருகே வளைத்து ஆட்டும்போது சத்தம் மாறினால் உள்ளே சாலிடர் விட்டிருக்கிறது, முனையை ஒரு இன்ச் வெட்டி மறுபடி பற்றவைத்தால் போதும். அறைக்குள் வாசிக்க மூன்று மீட்டர் கேபிள் தாராளம். கேபிள் நீள நீள வெளிச்சத்தம் நுழைய வாய்ப்பு கூடும், மேல் ஸ்வரங்களின் பளபளப்பும் மங்கும். பவர் ஒயரோடு சேர்த்துச் சுருட்டி வைக்காதீர்கள், குறுக்கே போக வேண்டுமானால் கூட்டல் குறி போலக் கடக்க விடுங்கள்.

ஐந்தாம் படி: கிட்டார்

உட்கார்ந்த இடத்திலேயே கிட்டாரோடு மெதுவாகத் திரும்புங்கள். ஒரு திசையில் சத்தம் அதிகம், தொண்ணூறு டிகிரி திரும்பினால் குறைவு என்றால் பிக்கப் காந்தப்புலத்தைப் பிடிக்கிறது. சிங்கிள் காயில், அதாவது ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பே அது. ஃபெண்டரின் ஸ்ட்ராட், டெலி வகைக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. 1955-ல் கிப்சனில் செத் லவர் உருவாக்கிய ஹம்பக்கர் இதற்காகவே வந்தது: இரண்டு காயில், எதிரெதிராகச் சுற்றப்பட்டு, காந்தமும் எதிரெதிராக வைக்கப்பட்டு, கம்பியின் ஒலி கூட்டப்படும், வெளியிலிருந்து வரும் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பெரும்பாலான புதிய ஸ்ட்ராட்களில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரின் இரண்டாவது, நான்காவது நிலைகளில் ஹம் குறைவதும் இதனால்தான். அந்த நிலைகளில் மட்டும் அமைதி என்றால் உங்கள் கிட்டாரில் எந்தக் கோளாறும் இல்லை.

கம்பியைத் தொட்டதும் சத்தம் குறைகிறதா? அதுவும் இயல்புதான். உங்கள் உடம்பு அறையில் இருக்கும் மின்புலத்தை வாங்கிக் கிட்டாருக்கு அனுப்புகிறது, கம்பியைத் தொட்டதும் கம்பி வழியாக உடம்பு எர்த்தோடு சேர்ந்துவிடுகிறது, சத்தம் இறங்குகிறது. ஆனால் அந்த வித்தியாசம் மிக அதிகமாக இருந்தால் கிட்டாருக்குள் ஷீல்டு போதவில்லை. தாமிரப் பட்டையை, அதாவது பின்னால் பசை உள்ள காப்பர் ஃபாயில் டேப்பை, பிக்கப் குழி, கன்ட்ரோல் குழி, பிக்கார்டின் (கிட்டார் முகப்பில் இருக்கும் பிளாஸ்டிக் தகடு) பின்புறம் எல்லாவற்றிலும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, அதை எர்த் ஒயரோடு சாலிடர் செய்யுங்கள். துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும், எல்லாமே ஒன்றோடொன்று இணைந்திருக்கிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள். சிக்னல் முனை எதுவும் ஃபாயிலில் பட்டுவிடக்கூடாது, பட்டால் கிட்டார் ஊமையாகிவிடும். ஒரு ஞாயிறு மதியம் முழுக்க எடுக்கும் வேலை, ஆனால் சிங்கிள் காயில் கிட்டாருக்கு நீங்கள் செய்யக்கூடியவற்றில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை. இது கூர்மையான "ஜ்ஜ்ஜ்" சத்தத்தைத்தான் அடக்கும், காந்தப்புலத்தால் வரும் "ம்ம்ம்" குறையாது என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பியைத் தொட்டால் எந்த மாற்றமும் இல்லை, ஆனால் ஜாக்கின் உலோகத்தைத் தொட்டால் குறைகிறது என்றால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் அறுந்திருக்கிறது. கம்பியைத் தொட்டால் சத்தம் ஏறுகிறது என்றால் அவுட்புட் ஜாக்கில் இரண்டு ஒயரும் இடம் மாறியிருக்கலாம், சமீபத்தில் யாராவது ஜாக் மாற்றினார்களா என்று யோசியுங்கள். இரண்டும் சாலிடரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவருக்குப் பத்து நிமிட வேலை.

ஆறாம் படி: பெடல்கள்

ஒரே அடாப்டரிலிருந்து வால் வாலாகப் பிரியும் ஒயரில் எல்லாப் பெடலையும் மாட்டியிருந்தால் சந்தேகத்தை அங்கே வையுங்கள். டிலே, ரிவர்ப் போன்ற டிஜிட்டல் பெடல்கள் உள்ளே உண்டாக்கும் சத்தத்தை அதே ஒயர் வழியாகப் பக்கத்திலிருக்கும் டிஸ்டார்ஷனுக்குக் கொடுத்துவிடும், டிஸ்டார்ஷன் அதைப் பெருக்கி ஆம்ப்புக்கு அனுப்பும். சோதிக்க எளிய வழி, அந்த டிஸ்டார்ஷனை அடாப்டரிலிருந்து கழற்றி 9 வோல்ட் பேட்டரியில் ஓட்டுவது. சத்தம் போனால் ஒவ்வொரு அவுட்புட்டும் தனித்தனியாகப் பிரிக்கப்பட்ட ஐசோலேட்டட் பவர் சப்ளை வாங்க வேண்டும். இதில் செலவு செய்வது நியாயம். போன் சார்ஜரை ஏதோ ஒரு முனை மாற்றிப் பெடலுக்குப் போடுவது நியாயமில்லை. பெரும்பாலான பெடல்களுக்கு நடுமுனை நெகட்டிவ், எதற்கும் பெடலின் மேல் போட்டிருக்கும் படத்தைப் பார்த்துவிட்டு மாட்டுங்கள். வா பெடலை டிரான்ஸ்ஃபார்மர் உள்ள பவர் சப்ளைக்குப் பக்கத்தில் வைத்தாலும் ஹம் வரும், ஒரு அடி நகர்த்தினாலே அடங்கும்.

ஏழாம் படி: கம்ப்யூட்டரும் மேடையும்

ஆம்ப் மட்டும் இருந்தால் அமைதி, அதை லேப்டாப்போடோ மிக்ஸரோடோ இணைத்ததும் ஹம் என்றால் அது கிரவுண்ட் லூப். இரண்டு கருவிகளும் வெவ்வேறு சாக்கெட் வழியாக எர்த்துக்குப் போகின்றன, ஆடியோ கேபிளின் ஷீல்டு வழியாகவும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றன, அந்த வட்டத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் சத்தமாகக் கேட்கிறது. லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள், சத்தம் போய்விட்டால் உறுதி. எல்லாவற்றையும் ஒரே நல்ல ஸ்பைக் பஸ்டரில் மாட்டுங்கள், பாதிப் பேருக்கு இதிலேயே தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் நடுவில் ஆடியோ ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர், அல்லது கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்ச் உள்ள டிஐ பாக்ஸ் (கிட்டார் சிக்னலை மிக்ஸருக்கு ஏற்றபடி மாற்றும் சின்னப் பெட்டி). டிஐ பாக்ஸ் வெட்டுவது ஆடியோ கேபிளின் ஷீல்டை மட்டும்தான், பவர் எர்த் அப்படியே இருக்கும், அதனால் அது பாதுகாப்பானது.

தெருவோரக் கச்சேரி, சர்ச், கல்லூரி மேடை என்று வாசிப்பவர்களுக்கு: பந்தலில் ஆம்ப்புக்கு ஒரு லைன், மைக் செட்டுக்கு ஜெனரேட்டரிலிருந்து இன்னொரு லைன் என்று இழுத்திருப்பார்கள். கிட்டார் கம்பியில் கை இருக்கும்போது மைக்கில் உதடு பட்டால் ஷாக் அடிப்பது அப்படித்தான். சவுண்ட் செக்கின்போதே கம்பிக்கும் மைக்கின் வலைக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அண்ணே, இரண்டையும் ஒரே போர்டிலிருந்து கொடுங்கள் என்று சவுண்ட்காரரிடம் சொல்லி, மாற்றிய பிறகு வாசியுங்கள். மழை நேரத்தில் இதை விட்டுவிடவே கூடாது.

எட்டாம் படி: ஆம்ப்

எல்லாம் பார்த்தாகிவிட்டது, நல்ல எர்த் உள்ள சாக்கெட்டில், இன்புட் காலியாக இருக்கும்போதும் சத்தம் வருகிறது. இப்போதுதான் ஆம்ப்பைச் சந்தேகிக்க வேண்டும், அப்போதும் வெளியிலிருந்து செய்யக்கூடியவை சில உண்டு.

பின்னால் எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்ப்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவே பெடல் மாட்டும் ஜாக்குகள்) இருந்தால் சென்ட், ரிட்டர்ன் இரண்டையும் ஒரு சின்ன பேட்ச் கேபிளால் இணைத்துப் பாருங்கள். அந்த ஜாக்குகளுக்குள் இருக்கும் ஸ்விட்ச் தொடர்பு வருடக்கணக்கில் பயன்படுத்தாமல் மங்கிப்போயிருக்கும், பேட்ச் கேபிள் போட்டதும் சத்தம் தெளிந்தால் ஜாக்கைச் சுத்தம் செய்தாலே போதும். அப்புறம் ரிட்டர்னில் மட்டும் வெறும் பிளக் ஒன்றைச் செருகுங்கள், ப்ரீஆம்ப் அறுபட்டுவிடும். சத்தம் நின்றால் கோளாறு ப்ரீஆம்ப்பில், நிற்காவிட்டால் பவர் பகுதியில்.

டியூப் ஆம்ப் (கண்ணாடி வால்வுகளில் இயங்குவது) என்றால் இன்புட் ஜாக்குக்கு அருகில் இருக்கும் முதல் ப்ரீஆம்ப் வால்வை, பெரும்பாலும் 12ஏஎக்ஸ்7, பென்சில் முனையால் மெல்லத் தட்டிப் பாருங்கள். ஸ்பீக்கரில் மணி அடித்தது போல் கேட்டால் அது மைக்ரோஃபோனிக் ஆகிவிட்டது, அதாவது அதிர்வையே சத்தமாக்குகிறது. ஆம்ப்பை அணைத்து, வால்வு ஆறிய பிறகு நல்ல ஒன்றோடு மாற்றுங்கள். பவர் வால்வுகளை நீங்களே மாற்றாதீர்கள், அவற்றுக்கு பயாஸ் (வால்வின் ஓய்வுநிலை மின்னோட்டம்) அமைக்க வேண்டியிருக்கும்.

அந்த 100 ஹெர்ட்ஸ் ஹம், வால்யூம் எங்கிருந்தாலும் மாறாமல் இருந்தால், ஃபில்டர் கெப்பாசிட்டர் தேய்ந்துவிட்டது என்பதே முதல் ஊகம். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் வெப்பம் பத்து டிகிரி ஏறும்போது ஏறத்தாழ பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் பின்பற்றும் கணக்கு, நம் ஊர் வெயிலில் காற்றோட்டமில்லாத மூலையில் வைத்த ஆம்ப்புக்கு இது பொருந்தும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். கெப்பாசிட்டரை மாற்றுவதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். டியூப் ஆம்ப்பில் பிளக்கை எடுத்த பிறகும் அவற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம், அது கொல்லும்.

ஒன்பதாம் படி: நாய்ஸ் கேட், அப்புறம் சர்வீஸ்

மேலே உள்ளதையெல்லாம் சரிசெய்த பிறகும் ஹை கெயினில் கொஞ்சம் உஸ் சத்தம் மிஞ்சும். அதற்குத்தான் நாய்ஸ் கேட். வாசிப்பு நிற்கும்போது கதவை மூடுவதுதான் அதன் வேலை, வாசிக்கும்போது சத்தம் உள்ளேயேதான் இருக்கும், அதனால் எர்த் கோளாறுக்கு அதை மருந்தாக நினைக்காதீர்கள். த்ரெஷோல்டை, அதாவது கதவு மூடும் அளவை, வாசிக்காதபோது சத்தம் நிற்கும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள், கூட ஏற்றினால் நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தின் வால் அறுந்துபோகும். கேட் வாங்கும் முன் கெயினைக் கால்வாசி குறைத்து வாசித்துப் பாருங்கள், பல பேருக்குத் தேவைக்கு மேல் கெயின் வைக்கும் பழக்கம் இருக்கிறது.

சர்வீஸுக்குக் கொண்டுபோகும்போது சத்தத்தைப் போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். 50-ஆ 100-ஆ, வால்யூமோடு மாறுகிறதா, லூப் ரிட்டர்னில் பிளக் செருகினால் என்ன ஆகிறது, இந்த மூன்றையும் சொன்னால் மெக்கானிக்குக்குப் பாதி நேரம் மிச்சம், உங்களுக்குப் பாதிச் செலவு மிச்சம். உங்கள் கிட்டாரையும் கேபிளையும் கூடவே எடுத்துப் போங்கள். டியூப் ஆம்ப் என்றால் ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் ஒரு நொடிகூட ஆன் செய்ய விடாதீர்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டால் செலவு பல மடங்கு. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன், கடையின் சாக்கெட்டில் செருகி உங்கள் எதிரிலேயே வாசித்துக் காட்டுங்கள். அங்கே சத்தமே வரவில்லை என்றால் ஆம்ப்பை அப்படியே தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, எலக்ட்ரீஷியனுக்குப் போன் போடுங்கள்.